ஒரே டிரம்மில் 24 செடிகள்: சின்ன இடத்தில் காய்கறி வளர்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டடிக்கு இரண்டடி இடம் இருந்தால் போதும், 200 லிட்டர் டிரம் ஒன்றில் இருபதுக்கும் மேல் செடி வளர்க்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். டிரம்மின் பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட்டு, உள்ளே மண் நிரப்பி, துளைக்கு ஒரு செடி நடுவதுதான் முறை. ஆனால் எந்த டிரம் வாங்குவது, தளம் தாங்குமா, எவ்வளவு மண் பிடிக்கும், ஊற்றும் தண்ணீர் நடுவரிசைச் செடிக்குப் போய்ச் சேருமா என்று கேட்டால் பதில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆளிடம் விசாரித்து, பாதி வேலையில் நிறுத்தி, மறுபடி தொடங்கித்தான் நான் முடித்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. டிரம்மை வெட்டுவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். அது அரை நாள் வேலை, அவ்வளவுதான். உண்மையான சவால் தண்ணீர். மூன்றடி உயர மண்ணில் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், அடிப்பகுதி ஊறிக்கொண்டே இருக்கும். கீழே சொல்லப்போகிற துளை அளவு, குழாய், மண் கலவை, எந்த வரிசையில் எந்தச் செடி என்பதெல்லாம் இந்த ஒரு சிக்கலை வைத்துத்தான் முடிவாகிறது.

1. டிரம் தேடும் முன் நாற்று போடுங்கள்

வரிசை தலைகீழாகத் தெரியலாம். டிரம் கிடைப்பது, கழுவுவது, வெட்டுவது, மண் நிரப்பி அமர விடுவது எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். பெரும்பாலான காய்கறி நாற்று நடவுக்குத் தயாராக ஆகும் காலமும் கிட்டத்தட்ட அதே. தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளைக் குழித்தட்டில் இன்றே போட்டுவிட்டு டிரம் தேடக் கிளம்பினால் இரண்டும் ஒரே சமயத்தில் கைக்கு வரும். மிளகாய் மட்டும் கொஞ்சம் சோம்பேறி, ஐந்தாறு வாரம்கூட எடுத்துக்கொள்ளும்.

டிரம் முடிந்த பிறகு விதை போட்டால் ஒரு மாதம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

2. இடமும் எடையும்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 200 லிட்டர் டிரம்மின் விட்டம் சுமார் 58 செ.மீ., உயரம் 90 செ.மீ. சொச்சம். அதில் வெறும் தோட்ட மண்ணைப் போட்டு நனைத்தால் 300 கிலோவைத் தாண்டும். நான் கீழே தரும் லேசான கலவையிலேயே தண்ணீரோடு 200 கிலோ சுற்றி வரும். இவ்வளவு பாரமும் கால் சதுர மீட்டர் சொச்ச இடத்தில் உட்காருகிறது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பரவலான பாரத்தை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன.

அதனால் டிரம்மைத் தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். அடியில் தூணோ உத்தரமோ ஓடும் இடம், அல்லது பாரம் தாங்கும் சுவரை ஒட்டிய இடம்தான் சரி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி என்றால் கைப்பிடிச் சுவர் ஓரம் வேண்டவே வேண்டாம், வீட்டுச் சுவர் பக்கமாக வையுங்கள். கட்டடம் பழையது, விரிசல் இருக்கிறது, கீழ்த்தளத்தில் கசிவு இருக்கிறது என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் வைக்க வேண்டாம். இரண்டு டிரம் வைக்கும் ஆசை இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல் தள்ளித் தள்ளி வையுங்கள். சந்தேகமாகவே இருந்தால் 50, 60 லிட்டர் டிரம்மில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு துளை என்று சின்னதாகச் செய்யலாம். முறை அதேதான்.

அடுத்தது வெயில். காய்க்கிற செடிகளுக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லி போன்றவை மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஒப்பேற்றிவிடும். சுவரை ஒட்டி வைத்தால் பின்பக்கம் இருட்டாகிவிடும் என்பதால் சக்கரப் பலகை மேல் வைத்துச் சுழற்றலாம் என்பார்கள். சமதளமான தரையில் அது சரிவரும். மேடு பள்ளமான தரையில் நான்கு சக்கரங்களில் மூன்றுதான் பாரத்தைச் சுமக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 100 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும், அந்த ரகம் மலிவில்லை. என்னைக் கேட்டால் சக்கரத்துக்குச் செலவழிக்காமல் சுவர்ப் பக்கத்தில் துளையே போடாமல் விட்டுவிடுவேன். 24 துளை 16 ஆகும், ஆனால் பதினாறும் காய்க்கும்.

நிரப்பிய டிரம்மை நகர்த்த முடியாது. ஒரு முழு நாள் இடத்தைக் கவனித்து, எந்த நேரம் எங்கே நிழல் விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தோட்டம் போடத் தாள் எதற்கு என்று தோன்றும். வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரிடமும், அடுக்குமாடியானால் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. மாடியில் எங்கோ கசிந்தால் முதலில் கை நீட்டுவது உங்கள் டிரம்மைத்தான். கடிதத்தில் டிரம்மின் அளவு, நிரம்பிய எடை, வைக்கப்போகும் இடம், வடியும் தண்ணீர் எந்தக் குழாய்க்குப் போகும் என்ற நான்கும் இருக்கட்டும். வைப்பதற்கு முன் அந்தத் தரையைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

இரண்டாவது தாள் டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிள். அதைக் கிழித்துவிட்டு விற்பவர்களிடம் வாங்காமல் வந்துவிடுங்கள்.

4. டிரம் வாங்குவது

நீல நிற டிரம் என்றாலே உணவுத் தரம் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரசாயனமும் நீல டிரம்மில்தான் வருகிறது, பழச்சாறும் நீல டிரம்மில்தான் வருகிறது.

அடியிலோ பக்கத்திலோ முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக். நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருந்தால் உணவுப் பொருளுக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்று அர்த்தம். அந்தக் குறி இருக்கும் டிரம்மில்கூட முதல் உபயோகத்துக்குப் பிறகு வேறு எதையாவது ஊற்றி வைத்திருக்கலாம். ஆக, கடைசியாக உள்ளே இருந்தது என்ன என்பதுதான் கேள்வி. பழச்சாறு, சர்க்கரைப்பாகு, சமையல் எண்ணெய், வினிகர், ஊறுகாய் இருந்தவை சரி. பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில், பெயின்ட், கரைப்பான், தொழிற்சாலை ரசாயனம் எது இருந்திருந்தாலும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் போகாது.

லேபிள் இருந்தும் நம்பிக்கை வரவில்லையா? மூடியை இறுக்கி இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று கையால் வீசி முகர்ந்து பாருங்கள். குளிர்ந்த டிரம்மில் தெரியாத வாடை சூட்டில் வெளியே வந்துவிடும். வினிகர், மசாலா வாடை பரவாயில்லை. மூக்கைக் குத்தும் வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிரம்மில் இரண்டு வகை உண்டு. மேலே இரண்டு சின்ன அடைப்பான் மட்டும் உள்ளது ஒன்று. மேல்மூடி முழுதாகக் கழன்று, வளையப் பூட்டோடு வருவது இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் மேலே வெட்டும் வேலை மிச்சம், உள்ளே கை விட்டுக் கழுவவும் முடியும். புதியவர்களுக்கு அதையே சொல்வேன். இரும்பு டிரம் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், துருப்பிடிக்கும், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும்.

வாங்கியதும் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, மூன்று முறை அலசி, ஒரு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிடுங்கள். எண்ணெய் இருந்த டிரம் என்றால் சோப்பு இரண்டு சுற்று.

5. செலவு எங்கே போகும்

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தொகை சொல்லாமல் பங்கு சொல்கிறேன். பலரும் டிரம் விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். உண்மையில் பெரிய செலவு உள்ளே போகும் கலவைதான். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினால் மொத்தத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். டிரம் அதற்கு அடுத்தது. குழாய், மூடி, வலை எல்லாம் சில்லறை.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), ஜிக்சா (மின்சார ரம்பம்), டிரில் மூன்றும் ஒரு நாள் வேலைக்குத்தான். தெரிந்த தச்சரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ இரவல் வாங்குங்கள், இல்லை நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரே டிரம்முக்காக மூன்றையும் புதிதாக வாங்குவது வீண். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் எல்லோருடைய டிரம்மையும் வெட்டினால் இன்னும் லாபம்.

அப்புறம் தொடர்செலவு: மாதம் ஒருமுறை உரம், பருவத்துக்கு ஒருமுறை நாற்று, அமிழ்ந்த மண்ணுக்கு ஈடாகக் கலவை. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், சமையலறைக் கழிவை மட்கவைத்தால் உரச் செலவு பெருமளவு குறையும்.

6. குறி போடுவது

இங்கே அரை மணி நேரம் பொறுமையாக இருந்தால் பிறகு எல்லாம் சுலபம். 24 துளை: நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு.

மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே முதல் வரிசை. அதன் கீழே 20 செ.மீ. இடைவெளியில் மற்ற மூன்றும். கடைசி வரிசைக்கும் அடிக்கும் நடுவே 15 செ.மீ. மிச்சம் இருக்கும். இன்னொரு வரிசை சேர்க்கலாமே என்று கை துறுதுறுக்கும், சேர்க்காதீர்கள். 24 செடி என்றாலே ஒரு செடிக்கு ஏழெட்டு லிட்டர் மண்தான் கிடைக்கிறது.

சுற்றளவை ஆறாகப் பிரிக்க டேப்பும் கணக்கும் வேண்டாம். நீளமான காகிதப் பட்டை ஒன்றை டிரம்மைச் சுற்றிக் கட்டி, முனை சேரும் இடத்தில் வெட்டிவிடுங்கள். பிரித்து மூன்றாக மடித்து, அதை மீண்டும் பாதியாக மடியுங்கள். மடிப்பு விழுந்த ஐந்து இடமும் முனை சேரும் இடமும்தான் ஆறு புள்ளி, ஏறத்தாழ 30 செ.மீ.க்கு ஒன்று. பட்டையை மறுபடி சுற்றி மார்க்கரால் புள்ளி வையுங்கள். அடுத்த வரிசைக்குப் பட்டையை அரை இடைவெளி, அதாவது 15 செ.மீ., நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு துளைக்கு நேர் கீழே இன்னொரு துளை வந்தால் மேல்செடி கீழ்ச்செடியை மூடிவிடும், இரண்டு துளைக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் பலவீனப்படும். ஒன்று விட்டு ஒன்று வந்தால் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து 12 செ.மீ. நீளத்துக்குப் படுக்கைக் கோடு போடுங்கள்.

7. வெட்டி, சூடாக்கி, பை அமைப்பது

திறந்த வெளியில் செய்யுங்கள், உருகும் பிளாஸ்டிக் புகை நல்லதில்லை. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். உள்ளே எரியக்கூடிய திரவம் இருந்த டிரம்மைச் சூடாக்கவே கூடாது, மிச்ச ஆவி தீப்பிடித்து வெடிக்கும். கேஸ் அடுப்புத் தீ, புளோ லாம்ப் போன்றவையும் வேண்டாம். எச்.டி.பி.ஈ. 130 டிகிரி சுற்றி உருகும், தீ பட்டால் பற்றிக்கொண்டு சொட்டும்.

கோட்டின் இரு முனையிலும் முதலில் 10 மி.மீ. துளை போடுங்கள். இதை விட்டால், பிறகு மண் அழுத்தும்போது வெட்டு முனையிலிருந்து கீறல் ஓடும். வட்டத் துளையில் வந்து நிற்கும் வெட்டு அதற்கு மேல் போகாது. அப்புறம் இரண்டு துளையையும் ஜிக்சாவால் இணையுங்கள். பெரிய பல் பிளேடு, மெதுவான வேகம். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும், வெட்டிய இடம் வெட்டாத மாதிரி இருக்கும்.

வெட்டுக்கு மேலும் கீழும் ஐந்து ஐந்து செ.மீ. அகலத்துக்கு ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மங்கலாக இருந்த பரப்பு பளபளக்கத் தொடங்கும், விரல் வைத்தால் அமுங்கும். விரலில் கையுறை இருக்கட்டும். அந்தப் பளபளப்புதான் பதம். அதற்கு முன்னால் தள்ளினால் விரிசல் விடும், அதற்கு மேல் சூடாக்கினால் தொங்கிப்போகும். பதம் வந்ததும் ஆப்பு வடிவ மரக்கட்டையோ, கெட்டியான கண்ணாடி பாட்டிலோ மேலிருந்து சாய்வாக வெட்டுக்குள் செருகுங்கள். மேல் உதடு உள்ளே போகும், கீழ் உதடு வெளியே வந்து சின்னக் கிண்ணமாகும், செடி நிற்கப்போகும் பை இதுதான். ஈரத் துணியை மேலே போட்டு ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தால் அப்படியே இறுகிவிடும். வாய் ஏழெட்டு செ.மீ. திறந்திருந்தால் நாற்று நட வசதி.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள், 24 துளைக்கு இரண்டு மணி நேரம். கீழ் வரிசையிலிருந்து தொடங்கினால் கை பழகும்போது கண்ணுக்குத் தெரியும் மேல் வரிசைக்கு வந்திருப்பீர்கள்.

அடியில் 10 முதல் 12 மி.மீ. அளவில் பன்னிரண்டு வடிகால் துளை, நடுவில் குழாய்க்கு ஒரு வட்டம். டிரம்மை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும், தண்ணீர் தேங்கிக் கொசு வளராது.

8. நடுவில் இரண்டு குழாய்

முதல் குழாய் 110 மி.மீ. பி.வி.சி., டிரம்மைவிடக் கையளவு நீளம் கூடுதலாக. சுற்றிலும் ஐந்து செ.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளை. மேலே மூடி. அடியில் டிரம்முக்கு வெளியே சற்று நீட்டி, கழற்றக்கூடிய மூடி. இதற்குள் காய்கறித் தோல், காய்ந்த இலை, தேயிலைச் சக்கை போட்டு வந்தால் மட்கி, சத்து பக்கத்து மண்ணுக்கு இறங்கும். மட்கியதை அடியில் திறந்து எடுத்து மேலே போடலாம். எண்ணெய், இறைச்சி, சமைத்த மீதி போடாதீர்கள். எலியும் ஈயும் வரும்.

மண்புழு விட வேண்டுமா? விட்டால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் உரமாக்கும் புழுக்கள் 15 முதல் 30 டிகிரிக்குள்தான் சுகமாக இருக்கும், வெயிலில் நிற்கும் டிரம் அதை எளிதாகத் தாண்டும். முதல் பருவம் புழு இல்லாமலே ஓட்டுங்கள். செடிகள் படர்ந்து டிரம்முக்கு நிழல் தந்த பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது குழாய்தான் முக்கியம், பலர் இதை வைப்பதே இல்லை. 20 அல்லது 25 மி.மீ. குழாய் ஒன்றின் அடியை அடைத்து, முதல் குழாய்க்கு ஓரமாக நிறுத்துங்கள். இதில் 3 மி.மீ. துளைகள் போட வேண்டும், ஆனால் சமமாக இல்லை. குழாய் நிறைய நீர் நிற்கும்போது அடியில் அழுத்தம் அதிகம், கீழ்த்துளையில் நீர் வேகமாகப் பாயும். ஆகவே மேல் பாதியில் நெருக்கமாக, நடுவில் கொஞ்சமாக, அடி 25 செ.மீ.யில் துளையே இல்லாமல் விடுங்கள். மண் அடைக்காமல் இருக்க நைலான் வலைத் துணியைச் சுற்றிக் கட்டிவிடலாம்.

9. கலவை: பதினொரு பக்கெட்

குழாய் இடமும் மேலே விடும் ஐந்து செ.மீ.யும் போக 180 லிட்டர் சொச்சம் பிடிக்கும். அமிழ்ந்து போவதையும் சேர்த்துச் சுமார் 220 லிட்டர் தயார் செய்யுங்கள். 20 லிட்டர் பக்கெட்டில் பதினொன்று: தோட்ட மண் மூன்று, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நான்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் நான்கு. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் சுமார் 60 முதல் 75 லிட்டர் வரும், அதனால் ஒரு கட்டியும் கொஞ்சமும் தேவைப்படும்.

கோகோபீட் வாங்கும்போது உப்புக் கழுவியதா என்று பையில் பாருங்கள். கழுவாதது என்றால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும். தொழுவுரம் மட்கியதா என்பதைக் கை சொல்லிவிடும்: உதிரியாக, மண்வாசனையோடு, சூடில்லாமல் இருக்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைக் கருக்கும்.

அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்று சொல்பவர்கள் நிறைய. வடியாது. பொடிமண்ணிலிருந்து ஜல்லிக்கு நீர் சுலபமாக இறங்குவதில்லை, ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். எடையும் கூடும், மண்ணுக்கான இடமும் போகும். வடிகால் துளை மேல் ஒரு துண்டு வலை போதும்.

கலவையை டிரம்முக்கு வெளியே நனைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் பிழிந்து வைத்த பஞ்சு மாதிரி ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. காய்ந்த கோகோபீட் தண்ணீரைத் தள்ளிவிடும். உலர்வாக நிரப்பிவிட்டு மேலே எத்தனை குடம் ஊற்றினாலும் ஓரமாக வழிந்து கீழே போகும், நடுமண் தூள் பறக்கக் காய்ந்தே கிடக்கும்.

ஒவ்வொரு வரிசை உயரம் வரை நிரப்பி, கையால் லேசாக அமுக்கி, தண்ணீர் தெளித்து, பிறகு அடுத்தது. பைகளின் வாயில் சணல் துணித் துண்டு ஒன்றைச் செருகிவைத்தால் மண் வெளியே கொட்டாது. நிரப்பியதும் உடனே நடாதீர்கள். ஒரு வாரம் தினமும் நனைத்து அமர விடுங்கள். மேல்மட்டம் ஒரு சாண் வரைகூட இறங்கும், அதை ஈடு செய்த பிறகே நடவு. அமர்வதற்கு முன்னால் நட்டால் மண் இறங்கும்போது நாற்றின் வேரும் சேர்ந்து இழுபடும்.

10. எந்த வரிசையில் எது

உச்சியில் வேர் ஆழம் தேடும் செடி ஒன்று அல்லது இரண்டு: குட்டை ரகத் தக்காளி, மிளகாய், கத்தரி. குச்சியை நடுக்குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். உயரமாகப் படரும் தக்காளி காற்றில் பாய்மரம் கட்டியது மாதிரி ஆடும், வேண்டாம்.

மேல் இரண்டு வரிசை சீக்கிரம் காயும் இடம். துளசி, ஓமவல்லி போன்ற கொஞ்சம் வறட்சி தாங்குபவை, குட்டை மிளகாய் இங்கே. நடு வரிசையில் கீரை, ஸ்ட்ராபெர்ரி. அடி வரிசை ஈரமும் நிழலும் உள்ள இடம், அங்கே லெட்யூஸ், கொத்தமல்லி. புதினா எங்கே வைத்தாலும் வளரும், அதுதான் பிரச்சினை. தண்டு ஓடி மற்ற பைகளில் எல்லாம் தலை நீட்டும். தனித் தொட்டி கொடுத்துவிடுங்கள். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் பக்கத் துளைக்குச் சரிவராது, கிழங்கு பருக்க இடமில்லை. பூசணி, சுரை பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பக்கத் துளையில் விதை நேராகப் போட்டால் முதல் தண்ணீரிலேயே அடித்துக்கொண்டு போகும். 10 செ.மீ. வளர்ந்த நாற்றுதான் வேண்டும். வேர்க்கட்டியை ஈரக் கோகோபீட்டால் சுற்றி, வேர் உள்நோக்கிச் சற்றுக் கீழே சாயும்படி செருகி, விரலால் மண்ணை இறுக்குங்கள். மாலையில் நடுங்கள். முதல் நான்கைந்து நாள் பழைய துணியோ வலையோ கட்டி நிழல் கொடுங்கள். ஒவ்வொரு பைக்கு மேலேயும் செடியின் பெயரும் தேதியும் மார்க்கரால் டிரம்மிலேயே எழுதிவிடலாம். ஒரு மாதம் கழித்து எது எப்போது நட்டது என்று நினைவிருக்காது.

11. தண்ணீரும் உரமும்

நல்ல வெயில் காலத்தில் ஒரு டிரம் நாளுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும். பாதியை மேல்மண்ணில் பூவாளியால், பாதியைச் சின்னக் குழாயில், இரண்டு தவணையாக மெதுவாக ஊற்றுங்கள். அடியில் சொட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஊற்றிய உடனேயே அடியில் கொட்டினால் மண் நனையவில்லை என்று அர்த்தம், நீர் ஓரமாக வழிகிறது. அப்போது பத்து நிமிடம் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

மேல்மண் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது வரிசைப் பையிலும் கடைசி வரிசைப் பையிலும் விரலை விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து கீழே சேறாக இருந்தால் மேல்மண்ணில் காய்ந்த இலை மூடாக்குப் போட்டு, குழாயில் ஊற்றுவதைக் குறைத்து, மேலே ஊற்றுவதைக் கூட்டுங்கள். இரண்டும் காய்ந்திருந்தால் அளவு போதவில்லை.

மண் குறைவு என்பதால் சத்தும் சீக்கிரம் தீரும், ஊற்றும் நீரோடு அடித்துக்கொண்டும் போகும். மாதம் ஒருமுறை மேலே இரண்டு மூன்று கை மண்புழு உரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து சின்னக் குழாயில் விடலாம். கீழ் இலைகள் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மண் சொதசொதவென்று இருந்து மஞ்சளானால் வேர் மூச்சுத் திணறுகிறது, உரம் போட்டால் இன்னும் கெடும்.

செடிகள் நெருக்கமாக இருப்பதால் அசுவினி, மாவுப்பூச்சி ஒன்றில் வந்தால் மற்றதற்கும் பரவும். தினமும் தண்ணீர் ஊற்றும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் பீய்ச்சும் தண்ணீரே போதும்.

12. எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

கீரை நட்ட மூன்று நான்கு வாரத்தில் பறிக்கத் தயார். வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் இரண்டு மூன்று முறை வரும். தக்காளிக்கு நடவிலிருந்து 60 முதல் 80 நாள், மிளகாய்க்கும் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல்.

செடி முடிந்ததும் பக்கப் பைகளில் வேரைப் பிடுங்கி இழுக்காதீர்கள், மண்ணும் சேர்ந்து கொட்டும். தண்டை அடியோடு வெட்டிவிட்டு, விரல் நுழையும் அளவு குழி செய்து புதுக் கலவையோடு அடுத்த நாற்றை வையுங்கள், பழைய வேர் உள்ளேயே மட்கிவிடும். தக்காளி இருந்த இடத்தில் உடனே மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். நடுவே ஒரு சுற்று கீரை போடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை டிரம்மை முழுவதுமாகக் காலி செய்துவிடுங்கள். கோகோபீட் மட்கி மண் இறுகியிருக்கும். தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, நான்கைந்து நாள் வெயிலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது உரமும் கோகோபீட்டும் கலந்து திரும்ப நிரப்பலாம். டிரம் காலியாக இருக்கும் அந்த நாளில் மூன்றைப் பாருங்கள்: வடிகால் துளை அடைத்திருக்கிறதா, சின்னக் குழாயின் வலை கிழிந்திருக்கிறதா, வெயில் அதிகம் பட்ட பக்கத்தில் பிளாஸ்டிக் வெளிறி மயிரிழை விரிசல் விட்டிருக்கிறதா. விரிசல் பைகளின் முனையில் மட்டும் என்றால் அதன் கடைசியில் ஒரு சின்னத் துளை போட்டு நிறுத்திவிடலாம். உடம்பிலேயே நீளமாக ஓடியிருந்தால் அந்த டிரம்மில் மறுபடி 200 கிலோவை ஏற்றாதீர்கள்.